நாலு பத்துக்குத் துறைமுகத்தின் நிறம்

சொதி சொட்டாத கிண்ணம் ஒன்றைச் செய்ய எனக்குப் பதினொரு மாதங்கள் பிடித்தன. சொதி தேங்காய்ப்பாலில் வைக்கும் மஞ்சள் குழம்பு; கிண்ணத்தில் அதை ஊற்றும் வாய்தான் சிக்கல். வாய் அகலமானால் சொதி இடியப்பத்தில் விழாமல் மேசையில் விழும். ஒடுக்கமானால் வெங்காயம் வந்து அடைக்கும். இரண்டும் சரியாக அமைந்தால், கடைசிச் சொட்டு மட்டும் கிண்ணத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு இறங்கி மேசை விரிப்பில் மஞ்சள் வட்டம் போடும். அந்த வட்டங்களின் குறுக்களவுகளை நான் அளந்து எழுதி வைத்திருக்கிறேன். ஆகச் சிறியது ஒரு சென்ரிமீற்றர்.

கடைசியில் வழி காட்டியது ஒரு கப்பல். எங்கள் குசினி யன்னலால் பார்த்தால், முன்வீட்டுக் கூரைகள் இரண்டுக்கு நடுவே உட்துறைமுகம் ஒரு முழ அகலத்துக்குத் தெரியும். ஒரு பின்னேரம் அந்த இடைவெளியால் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று போனது. அதன் முன்பக்கம் தண்ணீரை இரண்டாகப் பிளந்ததையும், பிளந்த தண்ணீர் கப்பலில் ஒட்டாமல் விலகி விழுந்ததையும் கண்டேன். கிண்ணத்தின் விளிம்பை அப்படிக் கூராக இழுத்து நுனியைச் சற்றுக் கீழே மடித்தால் என்ன? உடனே கொப்பியை எடுத்து அந்த முன்பக்கத்தை வரைந்தேன். பாகைமானியை யன்னல் கண்ணாடியோடு பிடித்துச் சாய்வையும் அளந்தேன். முப்பத்துநாலு பாகை. அடுத்த கிழமை அதன் அடியில் இப்படி எழுதினேன்: “சனிக்கிழமை செய்து பார்த்தேன். சொட்டவில்லை.”

அது சண்டைக் காலம் என்பதை நான் மறந்திருக்கவில்லை. தம்பலகாமத்திலிருந்து களிமண் மூட்டையோடு வரும்போது எத்தனை சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றினேன் என்பதும் அதே கொப்பியில்தான் இருந்தது. ஆனால் சொதிக்கிண்ணத்துக்காகக் கப்பலை வரைவது கப்பலை வரைவதாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது எனக்கு நாற்பத்துநாலு வயது. பதினொரு வருடம் அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் மட்பாண்டம் படிப்பித்தேன். அந்தக் கட்டடம் வேறு தேவைக்குப் போனபின், என் சக்கரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்வளவில் ஒரு சூளை கட்டினேன். அக்கம்பக்கத்தார் தயிர்ச்சட்டியும் குழம்புச்சட்டியும் கேட்டார்கள். செய்து கொடுத்தேன். என் ஆசை முழுக்க கிளேஸ் மீதுதான். சாம்பல், களி, அரைத்த போத்தல் கண்ணாடி மூன்றையும் கரைத்துப் பாத்திரத்தில் பூசி எரித்தால் கண்ணாடித் தோல் போலப் படியுமே, அந்தப் பூச்சு.

“தங்கச்சி, சட்டிக்கு ஏன் இந்தப் பளபளப்பு?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. “அடுப்பில வைச்சால் கரிதானே பிடிக்கப்போகுது.”

“இது அடுப்பில வைக்கிறதில்லை அக்கா. மேசையில வைக்கிறது.”

“மேசையில வைக்க எங்களிட்ட பீங்கான் இருக்கே.”

“பீங்கான் கடையில வாங்கினது. இது கையால செய்தது.”

“அதைத்தான் நானும் பாத்தன்,” என்று சொல்லிவிட்டு அவர் வழக்கம்போல இரண்டு தயிர்ச்சட்டிகளை எடுத்துக்கொண்டு போனார்.

கிளேஸுக்கு நான் தேடிய நிறம் குசினி யன்னலில் தெரிந்த அந்த ஒரு முழத் தண்ணீரின் நிறம். நீலம் என்று சொன்னால் பச்சையாகும், பச்சை என்றால் நீலமாகும். நாலு மணிக்கு எனக்குத் தேத்தண்ணி. குடித்து முடிக்கப் பத்து நிமிடம். எனவே ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்கு யன்னலடியில் நின்று அன்றைய நிறத்தைக் கொப்பியில் எழுதினேன். நீலம், பச்சை என்ற சொற்கள் நாலாம் நாளே தீர்ந்துவிட்டன. அதன்பின் குசினியில் இருந்தே சொற்களை எடுத்தேன். “செவ்வாய், 4.10: பயறு ஊறிய தண்ணீர். புதன், 4.10: முருங்கையிலை வறை, ஆறியது. வியாழன், 4.10: மழை. பிட்டு அவித்த தண்ணீர்.” சூளை எரித்த நாட்களில், எதிர்ப்பக்கத்தில் அன்றைய சோதனைத் துண்டின் எண்ணும், அதன் சேர்மானம் கிராம் கணக்கிலும் இருக்கும். சோதனைத் துண்டு என்பது பெருவிரல் அளவு களிமண் வில்லை. ஒரு முனையில் துளை, மறுமுனையில் கிளேஸ்.

தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் என் கணவர் அந்தக் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

“உம்மட கொப்பியைப் படிச்சால் எனக்குப் பசிக்குது,” என்றார். “ஆனால் சமைச்சது ஒண்டையும் காணேல்லை.”

இரண்டு வருடத்தில் அறுபது துண்டுகள் பிழையாகப் போயின. தவளை நிறம், துரு நிறம், மூன்றாந்தரம் ஊற்றிய தேயிலை நிறம் எல்லாம் வந்தன. அறுபத்தோராவது துண்டு சூளையிலிருந்து சரியாக வந்தது. யன்னலில் பிடித்துப் பார்த்தேன். துண்டு எங்கே முடிகிறது, துறைமுகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒருவர் அதைக் கண்டு, கடல் நிறத்தில் இருபத்துநாலு சொதிக்கிண்ணம் வேண்டும் என்றார். கிளேஸ் பூசிய பாத்திரத்துக்கு எனக்கு வந்த முதல் ஓடர் அது. கிண்ணங்களை வனைந்து, காயவைத்து, ஒருதரம் எரித்து, தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டேன். பூச்சு மட்டும் மிச்சம்.

அந்தக் கிழமைதான் படையினர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். எங்களைப் பள்ளிக்கூட வளவில் இருத்திவிட்டு வீடுகளைச் சோதித்தார்கள். திரும்பி வந்தபோது ஒன்றும் உடைந்திருக்கவில்லை. கிண்ணங்கள் இருபத்துநாலும் இருந்தன. கொப்பி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில், அதே நீள அகலத்துக்கு, தூசியில்லாத ஒரு சதுரம் இருந்தது.

“அறுபத்தொண்டின்ர சேர்மானம் ஞாபகம் இருக்குமே?” என்று கணவர் கேட்டார்.

“ஞாபகத்தில இருந்தால் நான் ஏன் எழுதுறன்?”

எழுதி வைத்ததை நான் ஒருநாளும் ஞாபகத்தில் வைத்ததில்லை. தென்னோலைச் சாம்பல், உமிச் சாம்பல், பச்சைப் போத்தல் தூள், செம்புத் தூள் என்று பொருட்கள் தெரியும். அளவு தெரியாது. செம்பில் அரைக் கிராம் கூடினால் கடல் போய்த் தவளை வந்துவிடும்.

மூன்றாம் நாள் முகாமிலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் பின்னேரம் மூன்றரைக்கு வரவேண்டும். சோதனைத் துண்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுவரவேண்டும். கொப்பியை அவர்கள் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது.

அன்றிரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இதைவிடச் சின்ன விசயங்களுக்குப் போய் மாதக் கணக்காகத் திரும்பாதவர்களை எங்கள் தெருவிலேயே எங்களுக்குத் தெரியும். மறுநாள் கணவர் என்னோடு வாசல்வரை வந்தார். கையில் ஒரு பை. உள்ளே துவாய், சீப்பு, பல்துலக்கி, ஒரு சீலை.

“இதெல்லாம் எதுக்கு?”

“எதுக்கும் இருக்கட்டும்.”

“சீப்பு வீட்டுச் சீப்பு. அப்ப நீங்கள் எதால தலை இழுப்பீங்கள்?”

“என்ர தலையில இழுக்க என்ன இருக்கு?” என்றார். அந்த நேரத்திலும் அது உண்மைதான்.

அவரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நான் பிஸ்கற் ரின்னில் சோதனைத் துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறக்கச் சொன்ன, காவலில் நின்ற சென்றிக்காரர், நான் திறப்பதற்குள் ஐந்து அடி பின்னால் போய்விட்டார். உள்ளே களிமண் வில்லைகளைக் கண்டதும் மறுபடி முன்னால் வந்து, ஒன்றை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். பிஸ்கற் மணம் இன்னும் போயிருக்கவில்லை.

அதிகாரி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். கண்ணாடி போட்டிருந்தார். கடலைப் பார்த்த விறாந்தையில் மேசை. மேசையில் மூன்று பென்சில்கள் நீளத்தின்படி வரிசையாகக் கிடந்தன. அதைக் கண்டதும் என் பயம் கொஞ்சம் குறைந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். தோப்பூர்ப் பக்கத்து ஆள், முகாமில் எழுதுவினைஞர். நான் படிப்பித்தவள் என்று அறிந்து டீச்சர் என்றே கூப்பிட்டார்.

“டீச்சர், ஐயா கேக்கிறார், செவ்வாய்க்கிழமை பயறு எண்டு எழுதியிருக்கு. எத்தினை பயறு?”

“பயறை எண்ணுறதில்லை. பயறு ஊறின தண்ணி. அது தண்ணியின்ர நிறம்.”

அவர் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி ஏதோ கேட்டார்.

“பயறு எண்டால் என்ன எண்டு கேக்கிறார்.”

“பயறு எண்டால் பயறுதான்.”

“அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும் டீச்சர். உண்மையில என்ன எண்டுதான் கேக்கிறார். ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்குத் துறைமுகத்தைப் பாத்து ஒரு சாப்பாட்டுப் பேர் எழுதியிருக்கிறீங்கள். எந்தச் சாப்பாடு எந்தக் கப்பல் எண்டு மூண்டு நாளா இவங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாங்கள்.”

“கப்பல் இல்லை. சமையல்.”

“புதன்கிழமை முருங்கையிலை வறை, ஆறினது எண்டு இருக்கு. ஏன் ஆறினது?”

“சூட்டில பச்சையா இருக்கும். ஆறினால் கறுத்துப்போகும்.”

“ஓம், அது சரிதான்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்.” அதிகாரி, நீ இப்போது என்ன சொன்னாய் என்பதுபோல அவரைப் பார்த்தார். அவர் முருங்கையிலையைப் பற்றி நீண்ட நேரம் சிங்களத்தில் விளக்கினார். இடையில் கையால் கிளறியும் காட்டினார்.

பிறகு கப்பல் படம் வந்தது. அதிகாரி அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்து முப்பத்துநாலு பாகையில் விரலை வைத்தார். அவருடைய முகத்தில் பயற்றுக்கு இருந்த பொறுமை இதற்கு இல்லை.

“இது என்ன எண்டு கேக்கிறார்.”

“சொதிக்கிண்ணத்தின்ர வாய்.”

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். “டீச்சர், இது கப்பல். குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும்.”

“கப்பலைப் பாத்து வரைஞ்சதுதான். ஆனால் கிண்ணத்துக்கு.”

“ஆர் வரையச் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. மேசை விரிப்புப் பழுதாகுது.”

இதை அவர் எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். துண்டுகளை மேசையில் வை என்று கை காட்டினார். எண் வரிசைப்படி, பத்துப் பத்தாக ஆறு வரிசையும் கடைசியில் ஒன்றுமாக வைத்தேன். அவர் பதினேழாம் துண்டை நேராக்கினார். நான் வைத்தது கொஞ்சம் சரிந்துதான் இருந்தது.

கொப்பியைப் பார்த்து அவர் அறுபத்தொன்றை எடுத்தார். கையை நீட்டித் தண்ணீரோடு வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இது துறைமுகத்தின்ர நிறம் இல்லையாம். நீங்கள் சொல்லுறது பொய்யாம்.”

எனக்கு அப்போது பயம் போய் வேறொன்று வந்தது. இரண்டு வருடம், அறுபது பிழை. “இதுதான் நிறம் எண்டு சொல்லுங்கோ. அவர் ஒழுங்காப் பாக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

“டீச்சர், அதை நான் அப்பிடியே சொல்லமாட்டன்.”

சொல்லத் தேவையிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அதிகாரிக்கு விளங்கியிருக்கும். எழுந்து நின்று, நீயே பார் என்பதுபோலக் கடலைக் காட்டினார். அப்போதுதான் நான் கதிரையில் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பின்னேர வெயில் எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். முகாம் துறைமுகத்தின் எதிர்க்கரை. அங்கே வெயில் முகத்துக்கு நேரே. அதே தண்ணீர், அதே பின்னேரம், ஆனால் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மண்ணிறம். அலை மடியும் இடங்களில் மட்டும் மெல்லிய பொன் கோடு. அதிகாரி மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு முப்பத்தெட்டாம் துண்டை எடுத்துத் தண்ணீரோடு பிடித்தார். நான் பிழை என்று எழுதி, மூன்றாந்தரம் ஊற்றிய தேயிலை என்று பெயர் வைத்த துண்டு. அப்படியே பொருந்தியது. பொன் கோடுகூட விளிம்பில் இருந்தது.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது. மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு இருபத்தைந்து. கைப்பையைத் திறந்தேன், பென்சிலை எடுத்தேன், மேசையில் கிடந்த என் கொப்பியை இழுத்து, வெறும் பக்கம் ஒன்றைப் பிரித்து எழுதத் தொடங்கினேன். “4.25. முகாம் விறாந்தையிலிருந்து, மேற்கே பார்த்து, துறைமுகம்.”

எங்கே இருந்து எழுதுகிறேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. நிமிர்ந்தேன். தூணடியில் நின்ற சென்றிக்காரர் நிமிர்ந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் மேசையை விட்டு ஒரு அடி தள்ளிப் போனார். அதிகாரி குனிந்து, என் விரல்களுக்கு இடையிலிருந்து பென்சிலை மெதுவாக உருவி எடுத்தார். தன் பென்சில்களோடு, நீளத்தின்படி இரண்டாவது இடத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வசனம் சொன்னார்.

“ஐயா சொல்லுறார், வேவு பாக்கிற ஆக்கள் இப்பிடி முன்னால இருந்து எழுதமாட்டினமாம்.” மொழிபெயர்ப்பாளர் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “எண்டாலும் எழுத வேண்டாமாம்.”

தேத்தண்ணி ஒன்று தந்தார்கள். நாலு ஐம்பதுக்கு வாசலுக்கு வந்தேன். கணவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் விட்டுப்போன அதே கல்லில் நின்றார். என்னைக் கண்டதும் பையைத் தூக்கிக் காட்டினார்.

“தேவைப்படேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப கெதியா நடவும். யோசிச்சு மாத்திப்போடுவாங்கள்.”

கொப்பி உடனே கிடைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து மொழிபெயர்ப்பாளர் சைக்கிளில் கொண்டுவந்தார். இரண்டு நிபந்தனைகள்: இனி நேரம் எழுதக் கூடாது, கப்பல் வரையக் கூடாது. சாப்பாட்டுப் பெயர்கள் எழுதலாம். விறாந்தையில் நான் எழுதிய வரியைக் கறுப்பு மையால் மூடியிருந்தார்கள். நான் அந்தக் கப்பலைத் திருத்தித் திருத்தி வரைந்த ஒற்றைத் தாள்கள் ஏழையும் அடிமட்டம் வைத்து பிளேட்டால் வெட்டி எடுத்திருந்தார்கள். மிக நேரான வெட்டு. தையலில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. அதை மெச்சிக்கொண்டே அறுபத்தொன்றைத் தேடினேன்.

அறுபத்தொன்றின் சேர்மானம் கப்பல் வரைந்த தாள் ஒன்றின் பின்புறத்தில் இருந்தது. கடதாசியைச் சிக்கனமாகப் பாவிப்பது என் வழக்கம்.

மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவைத்து, அந்த ஒற்றையின் பின்பக்கத்தை மட்டும் யாராவது பார்த்து எழுதித் தந்தால் போதும், ஆறு வரிதான், என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது.

“முன்பக்கத்தைத் தராமல் பின்பக்கத்தைத் தர ஏலாதாம். முன்பக்கத்தைத் தரவும் ஏலாதாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நானே பாத்து எழுதிக்கொண்டு வந்து தரலாம் எண்டு நினைச்சன் டீச்சர். ஆனால் அதில செம்பு எத்தினை கிராம், தூள் எத்தினை கிராம் எண்டு இருக்கு. அதை நான் பொக்கற்றில வைச்சுக்கொண்டு எந்தச் சாவடியைத் தாண்டுறது?”

நான் அவரைக் குறை சொல்ல முடியாது. ஊகத்தில் மூன்று தரம் கலந்து எரித்தேன். ஒரு தவளை, ஒரு துரு, ஒன்று பெயர் வைக்க முடியாதது. செம்புத் தூள் தீர்ந்துவிட்டது. விடுதிக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். கிண்ணங்கள் தட்டில் அப்படியே இருந்தன. முதல் ஓடர் கையை விட்டுப் போனால், நான் மறுபடி தயிர்ச்சட்டிதான் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டின் பக்கம் கொப்பியில் பழுதில்லாமல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் கப்பல் இல்லை, தயிர்ச்சட்டிக் கணக்குத்தான். அதற்குச் செம்பும் தேவையில்லை. தென்னோலைச் சாம்பல், செம்மண், போத்தல் தூள். விறாந்தையில் பார்த்ததை நினைத்துக்கொண்டேன். இருபத்துநாலு கிண்ணத்துக்கும் முப்பத்தெட்டையே பூசினேன். விடியற்காலை ஐந்துக்குச் சூளை மூட்டிப் பின்னேரம் ஐந்துக்கு அடைத்தேன்.

உப்புவெளிக்குக் கணவரும் வந்தார். விடுதிக்காரர் வைக்கோலை விலக்கி முதல் கிண்ணத்தை எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நான் கேட்டது கடல் நிறமெல்லோ?”

“இது கடல்தான்.”

“எந்தக் கடல்?”

“உட்துறைமுகம். பின்னேரம். எதிர்க்கரையில இருந்து பாத்தால் இப்பிடித்தான்.”

“எதிர்க்கரையில முகாமெல்லோ இருக்கு? அங்க இருந்து ஆர் பாத்தது?”

“இவதான்,” என்றார் கணவர். “தேத்தண்ணியும் குடுத்துத்தான் அனுப்பினவங்கள்.”

விடுதிக்காரர் கிண்ணத்தைச் சட்டென்று மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், வாசலையும் ஒருதரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சொதி கொண்டுவரச் சொன்னார். காலைச் சாப்பாட்டுச் சொதி மிச்சம் இருந்தது. ஊற்றினார். அந்த மண்ணிறத்தில் சொதியின் மஞ்சள், விளக்கு ஏற்றியதுபோல எழுந்தது. நீலப்பச்சையில் இப்படி எழுந்திருக்காது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கும் தெரிந்தது. அவர் கிண்ணத்தைச் சரித்து ஒரு கோப்பையில் ஊற்றி, குனிந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். விரல் ஈரமாகவில்லை. திருப்பிக் கிண்ணத்தில் விட்டு, மறுபடி கோப்பையில் ஊற்றினார். இப்படி ஐந்து தரம்.

“போதும், சொதி பழுதாப்போகப்போகுது,” என்றார் அவருடைய மனைவி.

“இருபத்துநாலும் இருக்கட்டும்,” என்றார் அவர். “வாற வெள்ளைக்காரர் கேட்டால் நான் என்ன நிறம் எண்டு சொல்லுறது?”

“தேத்தண்ணி நிறம் எண்டு சொல்லுங்கோ,” என்றேன். “கடல் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”